சிவப்பு நூல் கட்டிய வால்வு

பிப்ரவரி 2

புது வருஷத்துக்கு மில்லில் எல்லாருக்கும் கொடுத்த டைரி இது. காகிதம் மில்லுடையது, அதில் இருக்கிற வெள்ளை என் பிரிவுடையது. ஜனவரி முழுக்கச் சும்மா கிடந்தது. பால் ஊற்றுகிற கணக்கு எழுத ருக்குமணி கேட்டாள், கொடுக்கவில்லை. நல்லவேளை. இன்றைக்கு இதற்கு வேலை வந்துவிட்டது.

நான் பிளீச்சிங் பிரிவின் போர்மேன். வேகவைத்த மரக்கூழ் எங்களிடம் வரும்போது கருப்பட்டி நிறத்தில் இருக்கும். மூன்று தடவை மருந்து, மூன்று தடவை கழுவல். கழுவுவதற்கு மூன்று பெரிய உருளைகள், மூன்றுக்கும் ஆற்றுத் தண்ணீர். எங்களை விட்டுப் போகும்போது கூழ் பச்சரிசி மாவு. கழுவிய தண்ணீர் என்ன நிறத்தில் போகிறது என்று இத்தனை வருஷம் ஒருத்தரும் கேட்டதில்லை. இப்போது கேட்டுவிட்டார்கள். மார்ச் முடிவதற்குள் மில்லை விட்டு வெளியேறும் தண்ணீர் பாதியாகக் குறைய வேண்டும், இல்லையென்றால் பிளீச்சிங் பிரிவுக்குப் பூட்டு என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து உத்தரவு. பூட்டு விழுந்தால் நானும் என் ஆட்களும் வீட்டில் உட்கார்ந்து விட்டத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

அதற்காக ஹெட் ஆபீஸ் ஒரு என்ஜினீயரை அனுப்பியிருக்கிறது. பெனிட்டா என்று பெயர், நாகர்கோவில் பக்கம். முப்பது வயது இருக்கும். தோளில் எப்போதும் ஒரு பை. பைக்குள் என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

மீட்டிங் முடிந்து ஜி.எம். என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "செங்கோடன், அந்தம்மா மேல ஒரு கண்ணு வச்சுக்கங்க. இதுக்கு முன்னாடி கழிவுத்தண்ணி சுத்தம் பண்ற மெஷின் விக்கிற கம்பெனியில இருந்தவங்க. இங்க இவங்க சொல்ற வழி பலிக்கலைன்னா நாம கோடிக்கணக்குல மெஷின் வாங்கணும். யார்கிட்ட வாங்குவோம், சொல்லுங்க?"

ஒரு கண் என்ன, இரண்டையும் வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். வாயில் வைத்துக்கொண்டு திரிந்தால் அக்கப்போர் ஆகும். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

பிப்ரவரி 5

இன்றைக்கு மாற்றிவிட்டார்கள். முதல் இரண்டு உருளைகளுக்கும் போகிற ஆற்றுத் தண்ணீர்க் குழாயை அடைத்தாயிற்று. நல்ல தண்ணீர் கடைசி உருளைக்கு மட்டும். அங்கே பிழிந்த தண்ணீர் நடு உருளைக்கு, நடுவில் பிழிந்தது முதல் உருளைக்கு. கூழ் ஒரு திசையில் போகிறது, தண்ணீர் எதிர்த்திசையில் வருகிறது.

என் ஷிப்டு ஆப்பரேட்டர் அய்யாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "என்ன மாமா இது, ஒருத்தரு குளிச்ச தண்ணியில இன்னொருத்தரு குளிக்கறாப்பல?" என்றான். அய்யாவு ருக்குமணிக்குச் சித்தப்பா மகன். வேலை நேரத்தில் மாமா என்று கூப்பிடாதே என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று.

பெனிட்டா அதைக் கேட்டுவிட்டாள். கோபப்படவில்லை. "அண்ணே, வீட்டுல அரிசி மூணு தண்ணி களையுதோம்லா? மூணாந்தண்ணி தெளிவாத்தான இருக்கு? அதை ஏன் கொட்டணும்? அடுத்த அரிசிக்கு முதத் தண்ணியா வச்சுக்கிடலாம்லா?" என்றாள்.

எங்கள் வீட்டில் அந்தத் தண்ணீர் மாட்டுக்குப் போகும் என்று சொல்ல வாய் வரை வந்தது.

பொழுது சாய்ந்ததும் கூழை எடுத்து விரலில் வைத்துப் பார்த்தேன். வெள்ளை குறையவில்லை. எரிச்சலாக இருந்தது.

பிப்ரவரி 8

இன்று எங்கள் முறை. இது புரிய ஒரு விஷயம் எழுத வேண்டும். மில்லில் சுத்தம் செய்த கழிவுநீர் கேட்டைத் தாண்டி ஈச்சந்துறை வாய்க்காலில் கிழக்கே போகிறது. வாய்க்கால் வெட்ட நிலம் கொடுத்தவர்கள் அதைத் தோட்டத்துக்குப் பாய்ச்சிக்கொள்ளலாம் என்று மில்லுக்காரர்கள் அந்தக் காலத்திலேயே ஒத்துக்கொண்ட ஏற்பாடு. தோட்டத்துக்குத் தோட்டம் எட்டு நாளைக்கு ஒரு முறை. சாவு விழுந்த வீட்டில்கூட முறை என்றால் ஒரு ஆள் மண்வெட்டியோடு போய்விடுவார். எங்களுக்கும் அங்கே கொஞ்சம் தென்னையும் மாட்டுப்புல்லும் இருக்கிறது. ருக்குமணி பார்த்துக்கொள்கிறாள். அதைப் பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை.

ஆனால் இன்றைக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் பிடித்துக்கொண்டாள். "ஏனுங், மில்லுல தண்ணிய மூட்டையா கட்டி வெக்கறீங்களா? காப்பியாட்ட ஒரு ஒழுக்கு வருது. கடைசி வரிசை மரம் நனையவே இல்ல. மட்டையெல்லாம் தொங்கிப் போச்சு."

"வாரியத்து உத்தரவு, நான் என்ன பண்ணட்டும்?" என்றேன்.

"உத்தரவு போட்டவீகளுக்குத் தென்னை மரம் இருக்குதுங்களா?"

அய்யாவு சாப்பிட வந்திருந்தான். பச்சைப்பயறு கடைந்தது இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டு தலையாட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். பூட்டு விழாமல் தப்பித்தால் மரத்தைப் பார்க்கலாம், கொஞ்சம் பொறு என்று ருக்குமணியிடம் சொன்னேன். அவள் ரசத்தை ஊற்றிய விதத்தில் பொறுமை தெரியவில்லை.

பிப்ரவரி 11

பெனிட்டா வாய்க்கால் முகப்பில், வெளியேறும் தண்ணீரை அளக்கிற மீட்டர் பக்கத்தில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். யாருக்கு அனுப்ப?

பிப்ரவரி 14

தண்ணீர் குறைந்திருக்கிறது. பாதிக்குக் கிட்டத்தில் வந்துவிட்டது. கூழும் கெடவில்லை. ஜி.எம். எல்லாருக்கும் கேசரி வாங்கிக் கொடுத்தார். பெனிட்டா சாப்பிடவில்லை. "இன்னும் கொஞ்ச நாள் பாக்கணும் சார்" என்றாள். தன் வேலை பலித்ததற்கே சந்தோஷப்படாத ஆளை நான் எப்படி நம்புவது?

அய்யாவு தொடர்ந்து காலை ஏ ஷிப்டே வேண்டும் என்று கேட்டான். பிள்ளையைச் சாயங்காலம் டியூஷனில் விடணுமாம். கொடுத்தேன்.

பிப்ரவரி 16

இன்று காலையில் மீட்டர் எகிறிவிட்டது. பழையபடி, கிட்டத்தட்ட முழு அளவு. மத்தியானத்துக்கு மேல் தானாகவே இறங்கியது. ஜி.எம். கத்திய கத்தில் வராண்டாவில் இருந்த புறா பறந்துவிட்டது.

பெனிட்டா காலையிலிருந்து மில்லில்தான் இருந்தாள் என்பதைக் குறித்துக்கொள்கிறேன். அவள் என்ன சொன்னாள் என்பதையும் குறித்துக்கொள்கிறேன். "சுத்திகரிப்புக் குளத்துக்கு வந்த தண்ணி கூடல சார். அதைத் தாண்டி, மீட்டருக்கு முன்னால எங்கயோ நல்ல தண்ணி வந்து சேருது." வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது, தண்ணீர் எங்கே சேருகிறது என்று இவ்வளவு பக்காவாக எப்படித் தெரியும்? போட்ட ஆளுக்குத்தானே எடுக்கத் தெரியும்.

எங்கள் முறை நாள். ருக்குமணி நல்ல குணத்தில் இருந்தாள். கடைசி வரிசை வரைக்கும் தண்ணீர் ஏறிவிட்டதாம், கண்ணாடி மாதிரித் தெளிவாக வந்ததாம். வெல்லப் பூரணம் வைத்து ஒப்பிட்டு சுட்டுக் கொடுத்தாள். நாலு தின்றேன்.

பிப்ரவரி 19

பெனிட்டா ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் மேட்டிலேயே போனாள். நானும் வண்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். மடைக்கு மடை நின்று தோட்டத்துக்காரர்களிடம் பேச்சு. வேலிக்காத்தான் மறைவில் நின்றதால் எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை, முள்தான் கிழித்தது. விவசாயிகளை மில்லுக்கு எதிராகக் கிளப்பிவிடுகிறாளா? அப்படியென்றால் அந்த மெஷின் கம்பெனிக்கு இரட்டை லாபம்.

ராத்திரிச் சாப்பாட்டில் ருக்குமணி சாதாரணமாகச் சொல்கிறாள்: "அந்தப் புள்ள நம்ம தோட்டத்துக்கும் வந்துச்சுங். பாவம், வெயில்ல வதங்கிப் போயிருந்துச்சு. எளநி வெட்டிக் குடுத்தேன்."

"நம்ம தோட்டத்துல அவளுக்கு என்ன வேலை? என்ன கேட்டா?"

"என்னமோ கேட்டுச்சு. மரத்தப் பத்தித்தான். வாய்க்கால்ல தண்ணியத் தொட்டுப் பாத்துச்சு, மோந்து பாத்துச்சு. ஒரு பாட்டில்ல பிடிச்சுக்கிச்சு."

இனிமேல் அவளைத் தோட்டத்துக்குள் விடாதே என்றேன். "ஏனுங், எளநி நம்முளுது, மரம் நம்முளுது. உங்களுக்கு எங்க நோவுது?" என்கிறாள்.

பிப்ரவரி 20

பெனிட்டா என்னிடம் வந்து நேராகக் கேட்டாள். "செங்கோடன் சார், உங்க தோட்டத்துக்கு எப்ப முறை?"

அது எதற்கு உனக்கு என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்" என்றாள். கேட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தாள். திருடன் போலீஸைப் பார்க்கிற பார்வை. அல்லது போலீஸ் திருடனைப் பார்க்கிற பார்வை. எப்படி இருந்தாலும் எனக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 23

ஒரு வேலை செய்திருக்கிறேன். நல்ல தண்ணீர் வருகிற வழியில் இருக்கிற வால்வு ஒவ்வொன்றிலும் கைப்பிடிக்கும் குழாய்க்கும் சேர்த்து நூல் கட்டிவிட்டேன். திறந்தால் அறும், இல்லாவிட்டால் அவிழ்க்க வேண்டும். பேக்கிங் பிரிவில் வாங்கிய வெள்ளை நூல் கடைசி வால்வுக்குப் பத்தவில்லை. அது மாடியில் ஆற்றுத் தண்ணீர் ஏற்றி வைக்கிற பெரிய தொட்டியைக் கழுவிவிடுகிற வால்வு. திறந்தால் ஆற்றுத் தண்ணீர் அப்படியே மழைநீர்க் கால்வாய் வழியாக மீட்டருக்கு முன்னால் போய்ச் சேரும். முதல் இரண்டு உருளைகளுக்கும் தண்ணீர் நின்றதிலிருந்து அந்தத் தொட்டி எப்போதும் நிறைந்துதான் நிற்கிறது. வீட்டுக்கு வந்து ருக்குமணியின் தையல் டப்பாவிலிருந்து சிவப்பு நூலை எடுத்துக்கொண்டு போய்க் கட்டினேன்.

"எதுக்குங் நூலு?" என்றாள். மில்லில் ஒரு வேலை என்றேன்.

அய்யாவு நான் கட்டுவதைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. தலையாட்டினான். நல்ல பையன், அடக்கம் தெரிந்தவன்.

பிப்ரவரி 24

மாட்டியது! காலையில் மீட்டர் மறுபடி எகிறியது. போய்ப் பார்த்தேன். வெள்ளை நூல் எல்லாம் கட்டியது கட்டியபடி இருக்கிறது. சிவப்பு நூல் அறுபடவில்லை. ஆனால் நான் போட்ட முடிச்சு அது இல்லை. நான் சாதாரணமாக இரண்டு முடிச்சுப் போட்டிருந்தேன். இது கட்டுத்தறி முடிச்சு. ஒரு முனையை இழுத்தால் அவிழும், மாடு இழுத்தால் இறுகும், அந்த முடிச்சு.

நாகர்கோவில்காரிக்கு மாடு கட்டுகிற முடிச்சு எப்படித் தெரியும்? தோட்டம் தோட்டமாகப் போய்க் கற்றுக்கொண்டு வந்திருப்பாள். என்ன நெஞ்சழுத்தம்!

அந்த வால்வுக்கு ஒரு பூட்டுப் போட்டிருக்கலாம். பெனிட்டாவே வந்து, "தொட்டி வால்வைப் பூட்டி சாவிய நீங்களே வச்சுக்கிடுங்க சார்" என்றாள். போடவில்லை. பூட்டினால் ஆள் தப்பிவிடும். ஆளைப் பிடிக்க வேண்டும் அல்லவா?

ருக்குமணி, இன்றும் தண்ணீர் கண்ணாடி மாதிரி வந்தது என்றாள். தென்னையில் புதுப் பாளை விட்டிருக்கிறதாம்.

இதற்குக் கீழே ஒரு வரி எழுதினேன். அடித்துவிட்டேன்.

பிப்ரவரி 27

மாட்டுக்குக் கழிச்சல். டாக்டர் வந்து போனார். மில்லில் ஒன்றும் விசேஷம் இல்லை.

மார்ச் 2

ஜி.எம்.மிடம் சொல்லிவிட்டேன். முடிச்சைப் பற்றிச் சொன்னேன், படம் எடுத்ததைச் சொன்னேன், பை, பாட்டில், மடை மடையாகப் பேச்சு, எல்லாம். கையெழுத்துப் போடுவீர்களா என்றார். போடுவேன் என்றேன்.

பெனிட்டாவைக் கூப்பிட்டார்கள். விசாரணை முடிகிற வரை மில்லுக்குள் வரக்கூடாது. பதினாலாம் தேதி ஹெட் ஆபீஸிலிருந்து ஆள் வருகிறார். அன்றைக்கு முடிவாகிவிடும். இந்தத் தொழிலில் இப்படி ஒரு பெயரோடு வெளியே போனால் வேறு எந்த மில்லிலும் சேர்க்கமாட்டார்கள். அது எனக்கும் தெரியும்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கேட்டில் ஐடி கார்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தாள். "சார், ஒண்ணே ஒண்ணு. உங்க முறை நாள்ல ஒரு தடவ நீங்களே தோட்டத்துக்குப் போங்க. போயி தண்ணியத் தொட்டுப் பாருங்க."

"எனக்கு யாரும் தண்ணி பாக்கச் சொல்லித்தர வேண்டியதில்ல" என்றேன். முப்பது வருஷம் தண்ணீரிலேயே நிற்கிறவனிடம் சொல்கிற பேச்சா இது?

மார்ச் 4

இன்றும் எகிறியது. அவள் மில்லில் இல்லை.

மார்ச் 5

அவளுக்கு உள்ளே ஆள் இருக்கிறது. அப்படித்தான் இருக்க வேண்டும். வேறு எப்படி?

அய்யாவுவிடம் கேட்டேன், ஷிப்டில் யார் மேலாவது சந்தேகமா என்று. "எனக்கென்ன மாமா தெரியும், நீங்க சொன்னாச் செய்யறவன் நானு" என்று கண்ணைச் சிமிட்டினான். ஏன் சிமிட்டினான்? கண்ணில் தூசி விழுந்திருக்கும்.

சிவப்பு நூலில் மறுபடியும் கட்டுத்தறி முடிச்சு.

மார்ச் 9

தூக்கம் சரியில்லை. ருக்குமணி எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொன்னாள். குளித்தேன். முதுகு தேய்த்துவிடும்போது, "வெசனப்படாதீங்க, உங்க மில்லுக்கு ஒண்ணும் ஆகாது" என்றாள். இவளுக்கு அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்கவில்லை. முதுகுக்கு நன்றாக இருந்தது.

மார்ச் 12

லீவு போட்டேன். வீட்டில் சொல்லவில்லை. வழக்கம்போல சாப்பாட்டுத் தூக்கை வாங்கிக்கொண்டு மில்லுக்குப் போகிற மாதிரிக் கிளம்பி, வண்டியை மாரியம்மன் கோயிலில் நிறுத்திவிட்டு, வரப்பு வழியாக என் தோட்டத்துக்கே திருடன் மாதிரிப் போனேன்.

வாய்க்காலில் கையை விட்டேன். குளத்திலிருந்து வருகிற தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், காப்பி நிறத்தில் இருக்கும், முட்டை வாடை லேசாக அடிக்கும். இது சில்லென்று இருந்தது. அடியில் மணல் தெரிந்தது, மணலுக்கு மேலே மீன்குஞ்சு ஓடியது. ஒரு வாய் குடித்தேன். ஆற்றுத் தண்ணீர். எங்கள் தொட்டித் தண்ணீர்.

தென்னைகளுக்கு நடுவில் ருக்குமணி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு நின்றாள். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கியிருந்தாள். "அய்யாவு, போதுஞ்சாமி. கடைசி வரிசைக்கும் ஏறிப்போச்சு. வால்வ அடைச்சுப்போடு. நூலக் கட்ட மறந்தராத."

திரும்பினாள். என்னைப் பார்த்தாள். திடுக்கிட வேண்டாமா மனுஷி? "சாப்பிட்டீங்களா?" என்கிறாள்.

எனக்கு வந்த கோபத்தில் தூக்கை வரப்பில் எறிந்தேன். தயிர்ச்சோறு கொட்டிவிட்டது. "என்ன காரியம் பண்ணி வச்சிருக்கறடி? மில்லுக்கே பூட்டு விழப் போகுது, நீ தென்னைக்குத் தண்ணி பாய்ச்சறயா?"

"ஏனுங் கத்தறீங்க? எட்டு நாளைக்கு ஒருக்கா ஒரு நேரம். அதுல பூட்டு விழுந்துருமா? இது நம்ம மொறைத் தண்ணி. குடுக்கறேன்னு சொன்ன தண்ணிய நிறுத்துனது அவீக. இருவது வருசம் பிள்ளையாட்ட வளத்த மரம், என்ற கண்ணு முன்னால காயறதப் பாத்துட்டு இருக்கச் சொல்றீங்களா?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொல்லலியா?" மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றாள். "தண்ணி தெளிவா வருது, தெளிவா வருதுன்னு மொறைக்கு மொறை யாருகிட்டச் சொன்னேன்? செவுத்துக்கிட்டயா? கூழ வெளுக்கற மனுசனுக்குத் தண்ணி நெறம் தெரியாதா? தெரிஞ்சும் தெரியாதாட்ட இருக்கறீங்கன்னு நெனச்சேன். போனாப் போவுதுன்னு எனக்காக விட்டிருக்கறாருன்னு நெனச்சேன். சந்தோசமாக்கூட இருந்துச்சுங்."

பெனிட்டாதான் வால்வைத் திறக்கிறாள் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததைச் சொன்னேன். நாளை மறுநாள் அவள் வேலை போகிறது என்றும் சொன்னேன்.

ருக்குமணியின் முகம் மாறிவிட்டது. மண்வெட்டியைக் கீழே போட்டாள். "அந்தப் புள்ளயவா? அட கடவுளே! ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி. அந்தப் பல்லி நீங்கதானுங்களா?" அப்புறம் வரப்பில் உட்கார்ந்துகொண்டாள். "அன்னிக்கி எளநி குடிச்சுட்டு அது கேட்டது என்னன்னு தெரியுமா? 'ஆன்ட்டி, மரத்துக்குத் தண்ணி பத்துதா'ன்னு கேட்டுச்சு. தண்ணியக் கொறைக்க வந்தவீகள்ள அதக் கேட்டது அது ஒண்ணுதான். நீங்க கேட்டீங்களா?"

கேட்கவில்லை.

சாயங்காலம் அய்யாவுவைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். அவனுக்கு நான் ஏன் கோபமாக இருக்கிறேன் என்றே புரியவில்லை. "மாமா, நீங்கதான அடையாளம் கட்டி வெச்சீங்க? எல்லா வால்வுலயும் வெள்ளை, அதுல மட்டும் செவப்பு. அக்கா டப்பா நூலு எனக்குத் தெரியாதா? முதத் தடவ பயந்து பயந்து தொறந்தேன். நூலப் பாத்தப்பறம்தான் நீங்களும் சொல்றீங்கன்னு தைரியமாச் செஞ்சேன். அவுத்தா அவுத்தாப்பல விட்டா உங்களுக்குத்தான சிக்கல்னு பத்தரமாக் கட்டியும் வெச்சேன்."

எனக்கு எதுவும் தெரியாது என்று இங்கே எழுதலாம். என் டைரிதானே, யார் கேட்பது? ஆனால் அன்றைக்குப் பூட்டுப் போடாதது ஏன் என்று என்னையே கேட்டுப் பார்க்கிறேன். ஆளைப் பிடிக்கத்தான் என்று முன்பு எழுதியிருக்கிறேன். இப்போது படித்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

மார்ச் 13

ருக்குமணி பேசவில்லை. நானும் பேசவில்லை. குழம்பில் உப்பு அதிகம். வேண்டுமென்றே போட்டாளோ என்று சந்தேகம். புத்தி போகிறதா பார்!

பொய் சொல்லிவிடலாம். அய்யாவு வாயைத் திறக்கமாட்டான், ருக்குமணியும் திறக்கமாட்டாள். பெனிட்டா போய்விட்டால் ஒரு பேச்சும் இல்லை. வாரியத்துக்காரர்கள் அளக்க வருகிற நாள் முறை நாளாக இல்லாமல் இருந்தால் போதும்.

இப்படி யோசிக்க எனக்குக் கொஞ்ச நேரம்தான் ஆயிற்று. அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 14

ஜி.எம். ரூமில் விசாரணை. ஹெட் ஆபீஸ்காரர், ஜி.எம்., நான், எதிரில் பெனிட்டா. மடியில் அந்தப் பை.

நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள் என்றார்கள். எழுந்து நின்றேன். மேஜையைப் பிடித்துக்கொண்டேன்.

"தொட்டி வால்வுல செவப்பு நூல் கட்டுனது நான்தானுங்க. தண்ணி போனது என்ற தோட்டத்துக்குங்க. இந்தம்மாவுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லீங்க."

ஜி.எம். முகத்தில் ஈயாடவில்லை. "என்ன பேசறீங்க செங்கோடன்? நீங்கதான கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க?"

"ஆமாங்க. அதும் நான்தானுங்க."

"வால்வைத் திறந்தது யாரு? உங்க ஷிப்டுல அய்யாவுதானே?"

"போர்மேன் அடையாளம் வச்சா ஆப்பரேட்டர் தொறப்பானுங்க. அவனுக்கு என்ன தெரியும்."

அது பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. இரண்டாம் உருளையில் நிற்கிற கூழ் மாதிரி, பாதி வெளுத்தது. ருக்குமணியின் பெயரை நான் எடுக்கவில்லை. எனக்கு அன்றே சஸ்பென்ஷன். அய்யாவுவை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். வால்வுக்குப் பூட்டு, சாவி பெனிட்டாவிடம்.

வெளியே வராண்டாவில் பெனிட்டா பையைத் திறந்தாள். வரிசையாகப் பாட்டில்கள், முறை நாளிலும் மற்ற நாளிலும் பிடித்த வாய்க்கால் தண்ணீர். "எனக்கு அப்பமே தெரியும் சார். ஆனா நீங்கதான் திறக்கீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

"தெரிஞ்சும் ஏம்மா சொல்லல? உன்ற வேலையே போகப் பாத்துச்சே?"

"சொன்னா ஆன்ட்டி தோட்டத்துக்குத் தண்ணி நிக்கும். அதுக்கு ஒரு வழி கண்டுபிடிச்சிட்டு சொல்லலாம்னு பாத்தேன்." பாட்டில்களை ஒவ்வொன்றாக உள்ளே வைத்தாள். "கண்டுபிடிக்க முடியல, கேட்டீங்களா."

மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை சார் என்று அவள் சொல்லவில்லை. அது நியாயம்தான்.

மார்ச் 17

வீட்டில் இருக்கிறேன். மாட்டைக் கட்டினேன், அவிழ்த்தேன். அந்த முடிச்சை நானும் அப்பன் காலத்திலிருந்து போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அன்றைக்கு அதைப் பார்த்ததும் எங்கள் வீட்டுக் கட்டுத்தறி ஞாபகம் வராமல் நாகர்கோவில் எப்படி ஞாபகம் வந்ததோ.

மார்ச் 20

முறை. நானும் ருக்குமணியோடு தோட்டத்துக்குப் போனேன். அவள் மடையைத் திறந்தாள், நான் மண்வெட்டி பிடித்தேன். ஒரு வாரத்துக்கு அப்புறம் அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு, "அந்த வரப்ப மிதிக்காதீங்க" என்பது.

தண்ணீர் வந்தது. காப்பி நிறம், வெதுவெதுப்பு, பழைய வாடை. முதல் வரிசையில் நின்று நின்று ஏறியது. நடு வரிசைக்கு நக்கிக்கொண்டு போனது. நான் மண்ணை அணைத்து அணைத்து வழி பண்ணினேன், குனிந்து கையாலும் தள்ளிப் பார்த்தேன். கடைசி வரிசைக்குப் பாதி தூரத்தில் மண் குடித்துவிட்டது. புதுப் பாளை விட்ட மரம் அந்த வரிசையில்தான் நிற்கிறது.

போன் அடித்தது. பெனிட்டா. "சார், இன்னிக்கு மீட்டர் ஏறல. காலையிலயிருந்து பாத்துட்டே இருக்கேன். வாரியத்துல இருந்தும் வந்து அளந்துட்டாங்க. பாதிக்கும் கீழ வந்துட்டு. பூட்டு விழாது சார்." குரல் உடைந்திருந்தது. சந்தோஷமா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியவில்லை. நான் சந்தேகப்படவில்லை.

ருக்குமணி, "யாருங்?" என்றாள்.

"மில்லுல இருந்து. தண்ணி நல்லாக் கொறஞ்சிருச்சாம்."

அவள் கடைசி வரிசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அத அங்கிருந்து போன் போட்டுத்தான் சொல்லோணுமா?" என்றாள்.